செல்மோ ரொசாடோவின் ட்ரெபிள் குமிழ்

செல்மோ ரொசாடோவுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது என்பது வில்லியம்ஸ்பர்க்கில் அவன் பெண்டாட்டிக்குத் தெரியும். மன்ஹாட்டனில் அவன் பாட்டுப் போட்ட கிளப்பில் கோட்டு வாங்கி மாட்டுகிறவளுக்குத் தெரியும், பாரில் எலுமிச்சம்பழம் நறுக்குகிறவளுக்குத் தெரியும், வாசலில் நிற்கிற தடியனுக்கும் தெரியும். தெரியாதவன் ஒரே ஒருவன்தான். அவன் காதை நம்பித்தான் மற்ற அத்தனை பேருக்கும் அங்கே பிழைப்பு ஓடியது.

அன்செல்மோ என்பது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். அதை முழுசாகக் கூப்பிட அவன் அம்மாவைத் தவிர யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. தெற்கே ஒரு தீவில் இருக்கிற மயாகுவெஸிலிருந்து கைப்பிள்ளையாக புரூக்ளினுக்கு வந்தவன். அப்பாவுக்கு ஆற்றங்கரைச் சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்குகிற வேலை. மகனுக்கு மெத்தைக்கு ஸ்பிரிங் சுற்றும் பட்டறையில் வேலை. வாரம் முழுக்கக் கம்பியோடு மல்லுக்கட்டிவிட்டு, சனிக்கிழமையானால் சர்ச்சின் நிலவறைக் கூடத்தில் யாராவது கல்யாணம், யாராவது ஞானஸ்நானம் என்று ரெக்கார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அங்கேதான் அவனுக்கு அந்த வெறி பிடித்தது. ஒரு பாட்டு முடியும். அடுத்த ரெக்கார்டை உறையிலிருந்து உருவி, துடைத்து, முள்ளை வைப்பதற்குள் ஆடிக்கொண்டிருந்த சனம் துவரைச் சோற்றையும் பன்றித் தொடையையும் பார்த்து நடந்துவிடும். தட்டோடு உட்கார்ந்தவனை மறுபடி எழுப்புவது லேசுப்பட்ட காரியமா? செல்மோவுக்கு வயிறு எரியும். ஏதோ அவனை அவமானப்படுத்தவே அவர்களுக்குப் பசிக்கிறது என்பது போல முறைத்துக்கொண்டு நிற்பான்.

கடைசியில் இரண்டு ரெக்கார்டு பிளேயர்களை கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு லீலண்ட் காஸ்கின்ஸின் கடைக்குப் போனான். புரூக்ளின் பிராட்வேயில், மேலே ரயில் ஓடுகிற இரும்புப் பாலத்துக்குக் கீழே இருந்தது அந்தக் கடை. லீலண்ட் கறுப்பர், பட்டாளத்தில் ரேடியோ பார்த்தவர், செல்மோவை விட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனால் முதல் நாளே இருவரும் வாடா போடா என்று பேசிக்கொண்டார்கள். ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வார் லீலண்ட்.

"ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு உள்ள வந்துடணும். எங்க ஒட்டு விழுந்துதுன்னு ஆடறவனுக்குத் தெரியவே கூடாது" என்றான் செல்மோ.

"ரெண்டயும் ஒண்ணா விட்டா சண்ட போட்டுக்குமேடா."

"சண்ட போடாம நான் பாத்துக்கறேன். நீ பெட்டியச் செய்யி."

பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் பொறுக்கியதை வைத்து லீலண்ட் இரண்டு பாட்டையும் கலந்து விடுகிற ஒரு மிக்ஸர் செய்து கொடுத்தார். கனமான இரும்புப் பெட்டி. ரெக்கார்டைச் சுற்றுகிற ஒவ்வொரு டர்ன்டேபிளுக்கும் சத்தத்தை ஏற்றி இறக்க ஒரு குமிழ், அடித்தொண்டைக்கு பேஸ் குமிழ், உச்சிக்கு ட்ரெபிள் குமிழ். வெளியே ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த பாட்டை ஹெட்போனில் மட்டும் திருட்டுத்தனமாகக் கேட்டுப் பார்க்க ஒரு சுவிட்சு. அந்தச் சுவிட்சைத் தட்டிக் கேட்ட முதல் தடவை செல்மோ எழுந்து லீலண்டின் வழுக்கைத் தலையில் முத்தமிட்டான். இது பொய்யில்லை, லீலண்டே பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அப்புறம் வந்ததுதான் மெரிடியன் கிளப். கையுறைத் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தின் இரண்டாவது மாடி. மரத்தரை. நானூறு பேர் ஒரே சமயத்தில் குதித்தால் தரை குதிக்கும், தரை குதித்தால் முள் குதிக்கும். லீலண்ட் கூரைச் சட்டத்திலிருந்து ரப்பர் வார்களில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, டர்ன்டேபிள்களை அதன்மேல் உட்கார வைத்தார். கீழே பூகம்பமே வந்தாலும் மேலே முள் அசையாது. மிக்டாலியா, அதாவது செல்மோவின் பெண்டாட்டி, தொப்பித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். அங்கே மிஞ்சிய ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டிக் கொடுத்தாள். அதை ரெக்கார்டுக்கு அடியில் போட்டால், கீழே தட்டு அதன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்க, மேலே ரெக்கார்டை விரலால் பிடித்து நிறுத்தி வைக்கலாம். சரியான நொடியில் விட்டால் போதும்.

அந்தச் சரியான நொடி எங்கே இருக்கிறது என்று கேட்டால் செல்மோ ட்ஸ்-ட்ஸ் என்பான். டிரம்ஸ்காரன் காலால் மிதிக்கிற ஜோடித் தட்டின் ஓசை அது. இந்தப் பாட்டின் ட்ஸ்-ட்ஸும் அந்தப் பாட்டின் ட்ஸ்-ட்ஸும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். ஹெட்போனை இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது காதை, தரைக்கு மேலே அவன் நின்று பாட்டுப் போடுகிற கூண்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கருக்குக் கொடுத்து, ஒரு விரலை ரெக்கார்டின் விளிம்பில் உரசியும் உரசாமலும் வைத்துக்கொண்டு நிற்பான். அப்போது அவன் முகத்தைப் பார்த்தால் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தவன் மாதிரி இருக்கும். ஒட்டு விழுந்ததும் அந்த முகம் அப்படியே அவிழும். கீழே நானூறு பேரும் ஒரே குரலில் ஊளையிடுவார்கள்.

பேப்பரில் அவன் படம் வந்ததில்லை, ரெக்கார்டில் அவன் பெயர் அச்சானதில்லை. சனிக்கிழமை இரவும் ஞாயிற்றுக்கிழமைச் சாயங்கால ஆட்டமும் அவனுடையவை, அவ்வளவுதான். ஆனால் பிராங்ஸிலிருந்தும் குவீன்ஸிலிருந்தும் ரயில் மாறி மாறி அவனுக்காகவே வந்தவர்கள் இருந்தார்கள். ஸ்பிரிங் பட்டறை வேலையை விட்டுவிட்டான். தெற்கு இரண்டாவது தெருவில் அவன் நடந்தால் முடிவெட்டும் கடையிலிருந்து ஆள் வெளியே வந்து கை கொடுப்பார்கள். அவனுக்கு அது போதுமா? போதும் போதும் என்கிற அளவுக்குத் தலைக்கனமும் ஏறியிருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எப்போது ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் ரெக்கார்டு கம்பெனிகளைத் திட்டினான். "இப்பல்லாம் உச்சியே இல்லாம அச்சடிக்கறானுங்க. போர்வைக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்கு." பிறகு முள் தேய்ந்துவிட்டது என்றான். லீலண்ட் மாற்றினார். பிறகு வயர் என்றான். அதையும் மாற்றினார். பிறகு கூரையிலிருந்து ஆட்டக்காரர்களின் தலைக்குமேல் கொத்துக் கொத்தாகத் தொங்கிய ட்வீட்டர்களின் மேல் பழி விழுந்தது. உச்சி ஓசைக்கென்றே இருக்கிற சின்ன ஸ்பீக்கர்கள் அவை. லீலண்ட் ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றையும் கழற்றிச் சோதித்துவிட்டு இறங்கினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குடா."

"நல்லா இருக்கா? உனக்குக் காது இருக்கா, இல்ல பட்டாளத்துலயே விட்டுட்டு வந்துட்டியா?"

பார் முழுக்க ஆள் இருந்த நேரம்.  லீலண்ட் ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்.

செல்மோ ட்ரெபிள் குமிழை ஏற்றினான். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். இந்த வேலையில் இருக்கிறவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. தன் காதுதான் கிளப்பின் காது என்று நினைத்துக்கொள்வது. அவனுக்குச் சரியாகக் கேட்கிறபோது மற்றவர்களுக்கு ஊசி வைத்துக் குத்தியது. ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. ஒருத்திக்குத் தலைவலி, ஒருவனுக்குக் களைப்பு, இன்னொருவன் சிகரெட் வாங்கப் போனவன் திரும்பி வரமாட்டான். பன்னிரண்டு மணிக்கே தரையில் இடம் காலியாகிவிட்டது. அவன் ஆட்டக்காரர்களையும் திட்டினான், சோம்பேறிகள், காலில் ஈயம் என்று.

அந்தச் சமயத்தில், வயதான காலத்தில் மயாகுவெஸுக்கே திரும்பிப் போயிருந்த அவன் அம்மா இறந்துபோனாள். செல்மோவும் மிக்டாலியாவும் விமானம் ஏறிப் போய் அடக்கம் செய்தார்கள். அன்று இரவு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, சொந்தக்காரர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது செல்மோ இருட்டைப் பார்த்துக் கேட்டான்:

"தவளையெல்லாம் எங்க போச்சு? மருந்து கிருந்து அடிச்சிட்டீங்களா?"

அந்தத் தீவின் தவளை கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். ஆனால் அது போடுகிற விசில் சத்தத்தில் புதிதாக வந்தவனுக்குத் தூக்கம் வராது. அவன் சித்தப்பா காப்பிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். மிக்டாலியா அவர் பக்கம் திரும்பி, வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினாள்.

"ஆமாப்பா, போன வருஷம் அடிச்சாங்க" என்றார் சித்தப்பா.

நியூயார்க் திரும்பியதும் நல்ல செய்தி காத்திருந்தது. அவன் இல்லாத வாரத்தில் லீலண்ட் மிக்ஸரைப் பிரித்து மேய்ந்து, பழைய சாமான்களைத் தூக்கிப் போட்டுப் புதிது வைத்திருப்பதாகச் சொன்னார். சனிக்கிழமை செல்மோ ட்ரெபிள் குமிழைத் திருகினான், கண்ணை மூடிக் கேட்டான், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"இப்பத்தான்டா சரியா இருக்கு! இதத்தான நான் மாசக்கணக்கா கத்திட்டு இருந்தேன்!"

"சரிடா, சரி" என்றார் லீலண்ட்.

தரை நிரம்பியது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். முதலாளி ஃபுஸ்கோ கூண்டுக்குள் எட்டிப் பார்த்து, "என்னப்பா, ஊருக்குப் போய் மந்திரிச்சிட்டு வந்தியா?" என்று முதுகில் தட்டினான். அதன்பிறகு வந்த காலம் செல்மோவின் நல்ல காலம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஒவ்வொரு வாரமும் ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் அவன் கை அந்தக் குமிழுக்குப் போகும். இரண்டு விரலால் மெதுவாகத் திருகுவான். கீழே பாரில் யாராவது யாரையாவது முழங்கையால் இடிப்பார்கள்.

ஆனால் உச்சி மறுபடியும் மங்கியது அவனுக்கு. குமிழைத் திருகித் திருகி அது கடைசிப் புள்ளியில் போய் முட்டி நின்றுவிட்டது. அதற்குமேல் போக வழியில்லை. எனவே கூண்டுக்குள்ளிருந்த ஸ்பீக்கரை ஏற்றினான். ஹெட்போனை ஏற்றினான். ட்ஸ்-ட்ஸைக் கண்டுபிடிக்க ஹெட்போனைக் காதோடு அழுத்தி அழுத்திக் காது மடல் சிவந்துபோகும். வீட்டுக்கு வந்து படுத்தால் தலைக்குள் யாரோ பிரஷர் பைப்பைத் திறந்து விட்டதுபோல ஓயாத இரைச்சல். "களைப்புதான்" என்பான் மிக்டாலியாவிடம். அவள் தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டு திரும்பிப் படுப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் தாண்டியிருக்கவில்லை. சாயங்கால ஆட்டத்துக்கு முன்னால் ரெக்கார்டுகளை அடுக்கி வைக்கலாம் என்று செல்மோ சீக்கிரமே கிளப்புக்கு வந்திருந்தான். மிக்ஸரில் சத்தக் குமிழ் ஒன்றைத் திருகினால் கரகரவென்றது. தூசி. லீலண்டைக் கூப்பிடலாமென்றால் அவர் சர்ச்சில் இருக்கிற நேரம். இதற்குப் போய் ஆளா என்று, மூடியின் திருகாணிகளைக் கழற்றிவிட்டு தூசி போக்குகிற மருந்துப் புட்டியை எடுத்து அவனே அடிக்கக் குனிந்தான்.

சத்தக் குமிழ்களுக்கு அடித்தான். பேஸுக்கு அடித்தான். ட்ரெபிளுக்கு அடிக்கப் போனவன் நின்றுவிட்டான்.

அதன் முதுகில் வயர் இல்லை. வரவேண்டிய வயர்கள் பாதி வழியில் வெட்டப்பட்டு, நுனிகள் மடிக்கப்பட்டு, ஒவ்வொன்றின்மேலும் சிவப்பு ரப்பர்க் குழாய் மாட்டியிருந்தது. குமிழைத் தொடாமல் சுற்றிக்கொண்டு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நேராக ஒரு கம்பி போட்டிருந்தது. ஈயம் வைத்த இடம் மணி மணியாக, அழகாக இருந்தது. அப்படி வைக்கிற கை நியூயார்க்கில் ஒன்றுதான் என்று அவனுக்குத் தெரியும்.

குமிழைத் திருகினான். அது சுற்றியது. எதையும் இழுக்காமல், எதையும் தள்ளாமல், சும்மா சுற்றியது.

பாரில் இவான் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அந்த கிளப்பில் திறப்பு விழா நாளிலிருந்து இருக்கிறவள். செல்மோ கூண்டின் கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டான். அவள் வந்து, திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். கத்தி கையிலேயே இருந்தது.

"ஐயோ செல்லம், திறந்துட்டியா?"

அவ்வளவுதான் சொன்னாள். போதுமானதாக இருந்தது.

"உனக்கும் தெரியுமா?"

"நல்ல மனசுலதான் பண்ணாங்க."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

இவான் கத்தியின் நுனியைப் பார்த்தாள். "அத விடு."

"யாருக்கெல்லாம் தெரியும்னு கேட்டேன்!"

"எல்லாருக்கும்." பிறகு, சொல்ல வேண்டாத ஒன்றையும் சொன்னாள். உண்மை வாய்க்கு வந்துவிட்டால் சிலருக்குப் பாதியில் நிறுத்தத் தெரியாது. "பசங்க அதுக்குப் பேரு கூட வச்சிருக்காங்க. செல்மோவோட ஜெபமாலன்னு. உருட்டுனா மனசுக்கு ஆறுதல், வேற ஒண்ணும் நடக்காதுன்னு... விளையாட்டுக்குத்தான், செல்லம். உன் மேல பிரியம் இல்லாம இல்ல."

செல்மோ கோட்டைக்கூட எடுக்காமல் படியிறங்கினான்.

லீலண்டின் சர்ச் பெட்ஃபோர்டு-ஸ்டைவெசன்ட்டில் இருந்தது. ரயிலை விட்டு இறங்கி அவன் போய்ச் சேரும்போது ஆராதனை முடிந்து சனம் நடைபாதையில் நின்று பேசிக்கொண்டிருந்தது. தொப்பி வைத்த பெண்கள் பொரித்த மீனும் கீரையும் வைத்த காகிதத் தட்டுகளோடு அலைந்துகொண்டிருந்தார்கள். சாம்பல் நிற சூட்டில் நின்ற லீலண்ட் இவனைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னடா, சர்ச்சுக்கே வந்துட்ட! திருந்திட்டியா?"

"பெட்டியத் திறந்தேன்."

லீலண்டின் சிரிப்பு நின்றது. அவர் எந்தப் பெட்டி என்று கேட்கவில்லை. அதற்காகவாவது அவருக்கு ஒரு மரியாதை கொடுக்கலாம்.

"எத்தன நாளா?"

"உங்கம்மாவ அடக்கம் பண்ணிட்டு வந்தியே. அப்பலேர்ந்து."

"ரெண்டு வருஷம்டா! ரெண்டு வருஷமா வெறும் பிளாஸ்டிக்கத் திருகிட்டு இருந்திருக்கேன். அதுக்கு உனக்கு நன்றி வேற சொன்னேன். நீயும் சரிடா சரிடான்னு வாங்கி வச்சுக்கிட்ட."

"மெதுவாப் பேசு."

"என் சத்தம் எனக்கு எங்கடா கேக்குது? நீதான் சொல்லணும்!"

தொப்பிகள் திரும்பின. லீலண்ட் அவனைத் தோளைப் பிடித்துச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அப்பவே ஃபுஸ்கோ உனக்குப் பதிலா வேற ஒருத்தனப் பாத்து வச்சிட்டான், தெரியுமா உனக்கு? அடுத்த சனிக்கிழமை அவன்தான் வரதா இருந்துது. ஜனங்க காது கிழியுதுன்னு ஓடறாங்க, இவன நிறுத்து இல்ல நான் நிறுத்தறேன்னான். நான் என்ன பண்ணச் சொல்ற?"

"எங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொன்னா கேக்கற ஆளா நீ? முள்ள மாத்துன்ன, மாத்துனேன். வயர மாத்துன்ன, மாத்துனேன். ஏணி மேல ஏத்தி இறக்குன. அத்தன பேர் முன்னாடி எனக்குக் காது இல்லன்ன. எனக்கு!" லீலண்டின் குரலும் இப்போது ஏறியிருந்தது. "மிக்டாலியா போன் பண்ணி அழுதா. தவள அந்தக் கத்து கத்துது, இவனுக்குக் கேக்கல, சித்தப்பாவப் பொய் சொல்ல வச்சேன், கிளப்பும் இல்லன்னா இவன் செத்துருவான், ஏதாச்சும் பண்ணு லீலண்ட்னு. பண்ணுனேன்."

செல்மோ கேட்டான்:

"தவள இருந்துதா?"

"இருந்துதாம்டா."

"அவளும் சேந்துதானா."

"உனக்காகத்தான்டா எல்லாரும்..."

"எனக்காகவா?" செல்மோ அவர் சட்டைக் காலரைப் பிடிக்காத குறைதான். "குமிழு செத்துப் போச்சுன்னு எனக்கு எப்படிடா தெரியும்? கேக்கல, கேக்கலன்னு ஹெட்போன ஏத்துனேன். கூண்டு ஸ்பீக்கர ஏத்துனேன். வாரா வாரம் காதுக்குள்ள ஆணி அடிச்சுக்கிட்டேன். அன்னிக்கே சொல்லியிருந்தா டாக்டருட்ட போயிருப்பேன். இருந்தத வச்சுக் காப்பாத்தியிருப்பேன். நீ ஜனங்க காதக் காப்பாத்துன, ஃபுஸ்கோ கல்லாவக் காப்பாத்துன. என் காத எவன்டா காப்பாத்துனான்?"

  இந்த ஒன்றை லீலண்ட் யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் பச்சையாகத் தெரிந்தது. இரண்டு வருஷமாக, தான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கிய மனிதர் அவர். நல்ல காரியம் செய்கிறவர்களிடம் இதுதான் தொல்லை, திரும்பிப் பார்க்கவே மாட்டார்கள்.

"பிரதர் காஸ்கின்ஸ்," என்று ஊதாத் தொப்பி வைத்த அம்மாள் ஒருத்தி தட்டோடு வந்து நின்றாள், "உங்க சிநேகிதருக்கும் ரெண்டு மீன் துண்டு வைக்கட்டுமா? சூடா இருக்கு."

"வேண்டாம்மா" என்றார் லீலண்ட்.

"இன்னிக்கு வயரச் சேக்கப் போறேன்," என்றான் செல்மோ. "எனக்குக் கேக்கற மாதிரி போடுவேன். ஓடறவன் ஓடட்டும். ஒரு நாளாச்சும் என் பாட்ட நான் கேக்கறேன்."

"வேணாம்டா செல்மோ. கெஞ்சிக் கேக்கறேன்."

அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

கிளப்பில் லீலண்டின் மேஜை இழுப்பறையில் ஈயமும் சூட்டுக்கோலும் இருந்தன. செல்மோ சிவப்புக் குழாய்களைப் பிய்த்து எறிந்தான். குறுக்கே போட்டிருந்த கம்பியை வெட்டினான். வயர் நுனிகளை இழுத்துக் குமிழின் முதுகில் வைத்து ஈயத்தை உருக்கினான்.  விரலைச் சுட்டுக்கொண்டான். ஒட்டு லீலண்ட் வைத்தது போல மணியாக வரவில்லை, கோழி எச்சம் மாதிரி அப்பிக்கொண்டிருந்தது. பரவாயில்லை என்று மூடியைப் போட்டு முறுக்கினான். இவான் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஃபுஸ்கோவுக்குப் போன் செய்யலாமா என்று யோசித்திருப்பாள். செய்யவில்லை.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சனிக்கிழமைக் கூட்டத்தைப் போலக் குடிக்க வருவதில்லை, ஆடத்தான் வரும். ஜன்னல்களில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே தரை பாதி நிறைந்துவிட்டது. செல்மோ குமிழை நடுப்புள்ளியில் வைத்து இரண்டு மூன்று பாட்டு ஓடவிட்டான். ஒட்டுகளைக் குத்துமதிப்பாகப் போட்டான். அடி டிரம் மட்டும் காலுக்கடியில் தெரிந்தது, அதை வைத்து ஒப்பேற்றினான். எத்தனை மாதமாக இப்படித்தான் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காலால் வேலை பார்த்திருக்கிறான், காதால் இல்லை.

தரை நிறைந்தது. அவனுக்கு மிகவும் பிடித்த ரெக்கார்டை எடுத்தான். நடுவில் பாடகி வாயை மூடிக்கொள்ள, பித்தளை வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, வெறும் டிரம்ஸ் மட்டும் நீளமாக ஓடுகிற இடம் ஒன்று அதில் உண்டு. ட்ஸ்-ட்ஸ் ட்ஸ்-ட்ஸ் என்று மழை பிடித்த மாதிரி கொட்டும். அதன் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களிலும் வைத்தான், அந்த இடத்தை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டிக்கொண்டே போகலாம் என்று. பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. செல்மோ கண்ணை மூடிக்கொண்டு ட்ரெபிள் குமிழைத் திருகினான்.

ஒன்றும் இல்லை.

இன்னும் கொஞ்சம் திருகினான். அடி டிரம் நெஞ்சில் இடித்தது. அதற்குமேலே வெறும் பஞ்சு. அவனுக்கு எரிச்சல் வந்தது. முக்கால் பங்கு திருகினான். பிறகு ஒரே வீச்சில் கடைசிப் புள்ளிவரை கொண்டுபோய் முட்ட வைத்தான். கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து, மழை வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றான்.

சனியன் பிடித்த ஒட்டு விட்டுப்போச்சு, என்று நினைத்தான். லீலண்டாக இருந்தால் விட்டிருக்காது. குனிந்து, பாட்டு ஓடும்போதே மூடியின் திருகாணிகளைக் கழற்றி, டார்ச்சை அடித்துப் பார்த்தான். வயர்கள் உட்கார்ந்திருந்தன. நகத்தால் நெம்பிப் பார்த்தான். கெட்டியாகத்தான் பிடித்திருந்தன. ஒன்றும் புரியாமல், யாரையாவது கேட்கலாம் என்று நிமிர்ந்தான்.

கீழே ஒருவர் மிச்சமில்லாமல் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, முகம் கோணி, அவனைப் பார்த்து வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.